சேற்றிலே ஒரு சைக்கிள் ரேஸ்... வைத்தால் என்ன?



இந்த மாதச் சுவரிதழில் "என் கருத்து" பகுதிக்கு எழுதச் சொன்னார்கள். மழைநீர் சேமிப்பு, நேரம் தவறாமை, செல்போனின் தீமைகள் என்று எல்லாத் தலைப்பிலும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதனால் நான் சேற்றைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க! முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

என் கருத்து இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நம் மைதானம் சேறானால் விளையாட்டு எல்லாமே நின்றுபோகிறது. பி.டி. பீரியட் வந்தால் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வருகிறார்! (சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.) அந்தச் சேற்றிலேயே ஒரு சைக்கிள் போட்டி வைக்க வேண்டும் என்கிறேன். நம்மில் சிலருக்கு மழைக்காலத்தில் பள்ளிக்கு வந்து சேருவதே ஒரு போட்டிதான். அந்தத் திறமைக்கு இதுவரை யாரும் ஒரு சோப்பு டப்பா கூடப் பரிசாகக் கொடுத்ததில்லை.

இப்படி ஒரு போட்டி உலகத்தில் உண்டா?

உண்டு! அதற்குப் பெயர் சைக்ளோ-கிராஸ். பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் இதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில், மழையிலும் பனியிலும் நடக்கும். பாதையில் புல்வெளி, மணல், சேறு, செங்குத்தான மேடு, சில இடங்களில் படிக்கட்டு கூட இருக்கும். ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். பெரிய ஆண்கள் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். போதாததற்கு, பாதையின் குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகை வைத்திருப்பார்கள். வேகமாக வந்து, இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டி, ஓடி, மறுபடியும் ஏறி மிதிக்க வேண்டும். ஏற முடியாத மேட்டில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

இது நேற்று வந்த விளையாட்டு இல்லை. 1902-லேயே பிரான்சில் இதற்குத் தேசியப் போட்டி நடந்தது. டேனியல் கூசோ என்ற ராணுவ வீரர்தான் அதைத் தொடங்கி வைத்தவர். 1910-ல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய ரோடு போட்டியில் ஜெயித்த ஆக்டேவ் லாபிஸ், தன் வெற்றிக்குச் சேற்றில் ஓட்டிய பயிற்சியும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகு இது இன்னும் புகழ் பெற்றது. முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிசில் நடந்தது.

இறங்கினால் அவுட்டா?

நம் ஊர் சைக்கிள் போட்டி என்றால் எல்லாருக்கும் தெரிந்தது பொங்கல் விழாவில் வைக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸ். கடைசியாக வருகிறவர்தான் அதில் முதல் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட்! விசில் ஊதி ஓரமாகப் போகச் சொல்லிவிடுவார்கள். அதனாலோ என்னவோ, சைக்கிளை விட்டு இறங்குவது தோல்வி என்று நம் மனதில் பதிந்துவிட்டது. சேற்றில் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், "என்ன, ஓட்டத் தெரியாதா?" என்று கிண்டல் வேறு.

சைக்ளோ-கிராஸில் இது அப்படியே தலைகீழ். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஏற வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதில் கெட்டிக்காரர். காரணம் ரொம்ப எளிமை. ஆழமான சேற்றில் சக்கரம் புதையும். எவ்வளவு மிதித்தாலும் பாதி பலம் சேற்றுக்கே போய்விடும். நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போகிறோம் என்றால், அங்கே உட்கார்ந்து மிதிப்பதைவிட இறங்கி ஓடுவதுதான் லாபம். சீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் பிடிவாதக்காரர், அவ்வளவுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இந்த விதிதான். இறங்குவது அவமானம் இல்லை, இறங்கின இடத்திலேயே நின்றுவிடுவதுதான் தப்பு.

நம்மிடம் இருக்கும் வீரர்கள்

நம் பள்ளிக்குத் திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் இருக்கிறோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள். கல்லணை ரோடு தார் ரோடுதான், ஒன்றும் குறையில்லை. ஆனால் வீட்டிலிருந்து அந்த ரோட்டுக்கு வந்து சேரும் வரை வாழைக்கொல்லை ஓரமாக வண்டிப்பாதை. வெயில் காலத்தில் புழுதி, மழைக்காலத்தில் வண்டல் சேறு. ஆறு கொண்டுவந்து போட்ட மண், சும்மாவா? வாழைக்கு அது அமிர்தம். சைக்கிளுக்கு எமன்!

அந்தச் சேறு என்ன செய்யும் தெரியுமா? டயரில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். பத்தடி போவதற்குள் சக்கரம் சுற்றாது. அதற்காகவே நாங்கள் கேரியரில் ஒரு குச்சி செருகி வைத்திருப்போம். இறங்கி, மட்கார்டுக்குள் குச்சியை விட்டு மண்ணைத் தள்ளிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை பிடிக்காது. அதனால் முன்கூட்டியே மெதுவாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். புத்தகப்பை முதுகில், சாப்பாட்டுக் கூடை ஹேண்டில்பாரில், செருப்பு கையில். இத்தனையும் முடித்து பெல் அடித்து ஐந்து நிமிஷம் கழித்து வந்தால், "லேட்!" என்று வெளியே நிற்க வேண்டும்.

நான் சலுகை கேட்கவில்லை. தாமதம் தாமதம்தான், அதற்கு நின்றுவிட்டுப் போகிறோம். அந்தப் பாதையில் தினமும் நாங்கள் செய்வதை வெளிநாட்டில் ஒருவர் செய்தால் பதக்கம் மாட்டுகிறார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

நாங்களே வைத்துப் பார்த்த போட்டி

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரேஸ் வைத்தோம். வாய்க்கால் மதகிலிருந்து கொல்லைப் பாதை வழியாகப் பிள்ளையார் கோயில் வரை போய், சுற்றித் திரும்பி வர வேண்டும். மூன்று சுற்று. நடுவில் இரண்டு இடத்தில் வாழை மரத்தைக் குறுக்கே போட்டோம். (காற்றில் ஏற்கெனவே சாய்ந்த மரம்தான். யாரும் வெட்டவில்லை!)

என் அப்பாயி வாசலில் நின்று, "ஏன்டி, பொம்பளப் புள்ளைக்குச் சேத்துல என்னடி பந்தயம்? கை கால ஒடிச்சிக்கிட்டு வந்தா யாருடி பாக்குறது?" என்று சத்தம் போட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. கடைசி வரை குடையோடு நின்று பார்த்தது!

ஆறு பேரில் ஒரு அண்ணனிடம் மட்டும் புது கியர் சைக்கிள். அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். முதல் சுற்றில் எங்கேயோ போய்விட்டார். இரண்டாவது சுற்றில் கியரில் சேறும் வாழைச்சருகும் சிக்கி செயின் கழன்றுவிட்டது. ஜெயித்தது யார் தெரியுமா? எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பி. அவனுடைய அப்பாவின் பழைய பெரிய சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது, அதனால் அவன் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே மிதித்தான், சேறு வந்ததும் யோசிக்காமல் குதித்தான், பாருக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கினான், ஓடினான். மற்றவர்கள் இறங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுவதற்குள் அவன் அந்தப் பக்கம் போய் ஏறிவிட்டான். நான் மூன்றாவதாக வந்தேன். முகத்தில் இருந்த சேற்றில் எங்கள் வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தோம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டவர்களுக்கு வழுக்கல் குறைவாக இருந்தது. காற்று குறைந்தால் டயர் தரையில் படும் பரப்பு கூடுகிறது. அழுத்தம், பரப்பு என்று இயற்பியல் பாடத்தில் படித்தது வாய்க்கால் ஓரத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சைக்ளோ-கிராஸ் வீரர்களும் இதைத்தான் செய்கிறார்களாம். அவர்களுடைய சைக்கிளில் மட்கார்டே கிடையாது; சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சேறு அடைக்காதபடி இடைவெளி விட்டிருப்பார்கள். டயரின் அகலமும் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி.

பெண்களுக்கு எதற்கு?

அப்பாயி கேட்ட கேள்வியை வேறு சிலரும் கேட்கலாம். அதனால் பதில் சொல்லிவிடுகிறேன்.

நமக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள்தான். கேலி அடங்கிவிட்டது, சைக்கிள் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திராமல் வேலைக்குப் போகவும், தண்ணீர் கொண்டுவரவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அந்தச் சைக்கிள் உதவியது.

பிறகு நம் தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் அது விரிந்தது. என் சைக்கிளும் அப்படி வந்ததுதான்.

ஆனால் தோழிகளே, சைக்கிள் கைக்கு வந்தால் போதுமா? நவம்பர் மாத வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மழை நாட்களில் யார் யார் பெயருக்கு நேரே "ஆ" விழுந்திருக்கிறது? "பாதை சரியில்ல, இன்னிக்கு ஒண்ணும் போவேணாம்" என்று வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பையனா, பெண்ணா? சேற்றில் சைக்கிளைக் கையாளத் தெரிந்த பெண்ணை அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியாது. "நான் பாத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அதற்காகத்தான் இந்தப் போட்டி எனக்கு வேண்டும்.

சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டியிலும் இதே கதைதான். ஆண்களுக்கு 1950-ல் தொடங்கியது, பெண்களுக்கு 2000-ல்தான் தொடங்கினார்கள். ஐம்பது வருஷம்! வாய்ப்பு கிடைத்த பிறகு என்ன ஆயிற்று? நெதர்லாந்தின் மரியான் வோஸ் என்ற வீராங்கனை 2006 முதல் 2022-க்குள் எட்டு முறை உலகப் பட்டம் வாங்கிவிட்டார். ஆண்களில் அதே நாட்டின் மாத்யூ வான் டெர் பூல் 2025-ல்தான் ஏழாவது பட்டத்தைத் தொட்டார்.

ஒரு நியாயமும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கும் லேடீஸ் சைக்கிளில் குறுக்கு பார் கிடையாது. முன்னால் கூடை வேறு. தோளில் மாட்டித் தூக்க முடியாது. அதனால் நம் போட்டியில் தூக்கலாம் அல்லது தள்ளலாம், இரண்டும் செல்லும் என்று விதி வைக்க வேண்டும்.

எதிர்ப்புகளும் என் பதில்களும்

"சீருடை பாழாகும், அம்மாவுக்குத்தான் வேலை." நியாயமான பேச்சு. பழைய துணியில் ஓட்டுவோம். துவைப்பதும் அவரவரே!

"அடிபடும்." சைக்கிள் என்றால் விழத்தான் செய்வோம். தார் ரோட்டில் உராய்ந்து விழுவதைவிடச் சேற்றில் மெதுவான வேகத்தில் விழுவது பரவாயில்லை. ஆனால் தேங்கிய தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆகவே காலில் கையில் புண் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. போட்டி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சைக்கிள் கெட்டுப் போகும்." அன்றே கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஒன்றும் ஆகாது. சேற்றோடு ஒரு வாரம் நிறுத்தி வைத்தால்தான் துரு ஏறும். போட்டி முடிந்த அரை மணி நேரம் சைக்கிள் பராமரிப்பு வகுப்பு என்று வைத்துவிட்டால் பஞ்சர் ஒட்டக்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

"பணக்காரப் பிள்ளைகள் விலை உயர்ந்த சைக்கிள் கொண்டுவந்து ஜெயித்துவிடுவார்கள்." இதற்கு நல்ல வழி ஏற்கெனவே நம் மாநிலத்தில் இருக்கிறது. செப்டம்பர் மாதத்தில் பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துவார்கள். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. அதில் இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் உள்ள சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். நாமும் அதையே வைப்போம். வெளிநாட்டு வீரர்கள் நடுவில் சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள். உதவியாளர் ஒருவர் அழுக்கு சைக்கிளைக் கழுவித் தயாராக வைத்திருப்பார். நமக்கு அது வேண்டாம். ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு குச்சி!

சேறு வேறு, வெள்ளம் வேறு

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மோசமான வானிலையில் போட்டி என்றால் எந்த வானிலையிலும் போட்டி என்று அர்த்தம் இல்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது, பிரிட்டிஷ் காலத்துப் பழைய பாலத்தின் தூண்களே சாய்ந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. அந்த இரும்புக்கும் கல்லுக்கும் முன்னால் நம் சைக்கிள் எம்மாத்திரம்? உத்தமர்சீலி தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் யாரும் வீராப்புக் காட்டக் கூடாது. ஆற்றுப் படுகையில் போட்டி கூடவே கூடாது. இடி, மின்னல் என்றால் உடனே விசில் ஊதி எல்லாரும் வகுப்புக்குள் போய்விட வேண்டும். எங்கே இறங்குவது என்று தெரிவது போல, எப்போது திரும்புவது என்று தெரிவதும் கெட்டிக்காரத்தனம்தான்.

எப்படி நடத்தலாம்?

நம் மைதானமே போதும். கிழக்கு மூலையில் தானாகவே தண்ணீர் தேங்குகிறது, செலவில்லாத சேறு! லாங் ஜம்ப் மணல் குழி ஒரு தடை. இரண்டு இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மூங்கில் கட்டலாம். ஆள் மோதினால் கீழே விழுந்துவிடும்படி லேசாகக் கட்ட வேண்டும். சின்னச் சுற்றாக நான்கு சுற்று. எட்டு பேர் எட்டு பேராக விடலாம். மாடி வராந்தாவில் நின்றால் எல்லாருக்கும் தெரியும், யாரும் நனையவும் வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், நவம்பர் கடைசிக்குள் ஒரு சனிக்கிழமை போதும். முதல் பரிசாக ஒரு புது ட்யூப், இரண்டாம் பரிசாக ஒரு பஞ்சர் செட், மூன்றாம் பரிசாக ஒரு எண்ணெய்க் குப்பி கொடுக்கலாம். எவர்சில்வர் டம்ளரைவிட எங்களுக்கு அதுதான் உபயோகம்!

தலைமையாசிரியர் அவர்களும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களும் இந்தக் கருத்தைத் தயவுசெய்து யோசித்துப் பார்க்க வேண்டும். நண்பர்களே, உங்கள் கருத்து எதுவானாலும் இந்தத் தாளின் அடியில் விட்டிருக்கும் காலி இடத்தில் எழுதுங்கள். "வேண்டாம்" என்று எழுதுகிறவர்கள் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். "வேண்டும்" என்று எழுதுகிறவர்கள் இப்போதே ஒரு நல்ல குச்சியாகப் பார்த்து ஒடித்து கேரியரில் செருகிக்கொள்ளுங்கள்.



- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி